வண்டி நிக்கட்டும், கம்ப்ரசர் வரட்டும்

ரோடு கான்ட்ராக்ட் வேலையில ஃபிட்டரா இருந்தப்போ என் பொறுப்புல மூணு கம்ப்ரசர், ரெண்டு வெல்டிங் ஜெனரேட்டர், எல்லாமே ரெண்டு சக்கரம் வெச்ச டிரைலர் டைப். பாறை உடைக்கிற இடம் மாறிக்கிட்டே இருக்கும், அதனால தினமும் ரெண்டு தடவையாவது ஏதாவது ஒண்ணை டிப்பர் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போகணும். மாட்டுறதுன்னா பெருசா ஒண்ணுமில்ல, டிரைலர் முன்கம்பி நுனியில ஒரு இரும்பு வளையம், வண்டி பின்னாடி தாடை மாதிரி ஒரு கப்ளிங், வளையத்தை தாடைக்குள்ள விட்டு மேலேர்ந்து பின்னை, அதாவது தடியான இரும்பு ஆணியை, இறக்கணும், அவ்ளோதான். ஆனா ஒவ்வொரு கம்ப்ரசரும் ஒண்ணரை டன் இருக்கும்.

நாங்க பண்ணிட்டு இருந்த முறை எல்லா சைட்லயும் பண்றதுதான். டிரைவர் ரிவர்ஸ்ல வருவாரு, ஒருத்தன் கம்பியைத் தூக்கிப் பிடிச்சுப்பான், இன்னொருத்தன் பின்னைக் கையில வெச்சுக்கிட்டு ரெடியா நிப்பான், "வா வா வா... போதும் போதும்"னு கத்துவான். கடைசி ஒரு சாண் இருக்கு பாருங்க, அங்கதான் எல்லாக் கையும் இருக்கும். வண்டி ஓடுற நிலையில, கியர் விழுந்த நிலையில, ரெண்டு இரும்புக்கு நடுவுல மனுஷன். ஏழு வருஷம் இதைப் பார்த்துட்டு எனக்கு ஒண்ணும் தோணல, இப்போ நினைச்சா வயிறு கலங்குது.

தொப்பூர் இறக்கத்துக்கிட்ட வேலை ஓடிட்டு இருந்தப்போ பின் பிடிச்சவன் ஒடிசாப் பையன், தமிழ் வராது. வளையம் தாடைக்குள்ள வந்ததும் "பஸ் பஸ்"னு கத்திட்டான். இந்தியில பஸ்னா போதும்னு அர்த்தம். டிரைவர் அண்ணனுக்கு இந்தி தெரியாது, ரோட்டோரம் வேற, பின்னாடி பஸ் வருதுன்னு நினைச்சு ஓரம் ஒதுங்குறதுக்கு இன்னும் கொஞ்சம் ரிவர்ஸ்லயே ஒடிச்சாரு. பையனுக்கு ஆள்காட்டி விரல் மேல்கணு போச்சு. யாரைத் திட்டுறது சொல்லுங்க? ரெண்டு பேருமே அவங்கவங்க பாஷையில சரியாத்தான் கேட்டாங்க, சரியாத்தான் சொன்னாங்க.

அதுக்கப்புறம்தான் ஃபோர்மேன் ஒரு கை வின்ச் வாங்கிட்டு வந்தாரு, கைப்பிடி சுத்துனா டிரம்ல ஒயர் ரோப் சுத்திக்கும், திரும்பிச் சுத்தாம தடுக்குற ராட்செட், அதாவது பல்சக்கரமும் அதுல விழுற நாக்கும், இருக்கும். எங்க ஆளுங்களுக்கு சிரிப்பு. "நாலு பேரு கை வெச்சா நகர்றதுக்கு மெஷினா"ன்னாங்க. சரிதான், கெட்டித் தரையில ஒண்ணரை டன்னை உருட்ட முப்பது கிலோ இழுப்பு கூட வேணாம், டயர்ல காத்து சரியா இருந்தா ரெண்டு பேரு போதும். ஆனா புழுதி மண்ணுல அதே டிரைலர் பத்து மடங்குக்கு மேல கேக்கும், அப்போ நாலு பேரு தம் கட்டித் தள்ளுவாங்க, சக்கரம் குழியிலேர்ந்து கிளம்பினதும் குபீர்னு முன்னாடி ஓடும், நிறுத்த யாராலயும் ஆகாது.

வின்ச்ல அந்தக் குபீர் கிடையாது. வண்டியை நிறுத்தி, இஞ்சினை ஆஃப் பண்ணி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வெச்சாச்சுன்னா அது அங்கதான். கம்ப்ரசர்தான் வண்டிகிட்ட வருது, டக் டக்னு, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு நூல் நகர்வு. நடுவுல வேணாம்னா கையை எடுத்துட்டு டீ கூட குடிக்கலாம். ஒரே ஒரு விஷயம், சாய்வுல முன்னாடி இறக்கமா இருந்தா வின்ச் இழுக்குறதுக்கு முன்னாடி டிரைலரே உருண்டு வந்துடும், கயிறு தள்ளாது பாருங்க, இழுக்க மட்டும்தான் செய்யும், அந்த மாதிரி இடத்துல நாங்க மாட்டுறதே இல்ல.

வின்ச்சை மாட்டின இடத்தைப் பத்தி சொல்லணும். முதல்ல வெல்டர் தம்பி நேரா டிப்பர் சேசிஸ்ல வெல்டிங் வைக்கப் போனான், நான் விடல, சேசிஸ் இரும்புக்குச் சூடு காட்டுனா அந்த இடம் பலம் போயிடும், இருக்குற ஓட்டையிலயே தகடு வெச்சு போல்ட் போட்டோம். வின்ச்சை நடுவுல வெச்சா சுத்துறவன் மறுபடியும் ரெண்டுக்கும் நடுவுல நிப்பான், அதனால வலது ஓரத்துல வெச்சு, கப்ளிங் பக்கத்துல ஒரு கப்பி போட்டு கயிறைத் திருப்பினோம். அப்படித் தொண்ணூறு டிகிரி திருப்பினா கப்பி தாங்க வேண்டியது கயிறோட இழுப்பை விட நாப்பது பர்சென்ட் கூட, அதனால கப்பிக்குப் போட்ட போல்ட் வின்ச்சோடதை விட தடிமன்.

எனக்கும் ஒரு அடி விழுந்துச்சு. கயிறு டைட்டா இருக்குறப்போ ராட்செட் நாக்கைத் தூக்கிட்டேன், கைப்பிடி திருப்பி அடிச்சதுல மணிக்கட்டு பன்னு மாதிரி வீங்கி ரெண்டு வாரம் சாப்பாடு இடது கையில. கைப்பிடியை ஒரு நூல் முன்னாடி சுத்தி, பாரத்தைக் கையில வாங்கிட்டுத்தான் நாக்கைத் தூக்கணும். இது பாக்ஸ்ல போட்ட பேப்பர்லயே இருந்துச்சு, யாரு படிச்சா.

ஒயர் ரோப்ல பிசிறு எழும்பும், லெதர் கிளவுஸ் இல்லாம தொடக்கூடாது. டிரம்ல மூணு சுத்தாவது எப்பவும் மிச்சம் இருக்கணும். கயிறு மேல ஈரச் சாக்கைப் போட்டு வைப்போம், அறுந்தா சாட்டை மாதிரி முகத்துக்கு வராம கீழ விழும். கப்ளிங் பின் உள்ள இறங்கி, லாக் போட்டு, சேஃப்டி செயின் ரெண்டையும் குறுக்கா மாட்டினதும் வின்ச் கொக்கியைக் கழட்டிடணும், வின்ச்சை நம்பி ரோட்டுல இழுத்துட்டுப் போறது தற்கொலை.

போன மாசம் வேற சைட்டுக்கு மாத்திட்டாங்க. இங்க வின்ச் இல்ல, இன்டென்ட் போட்டு மூணு வாரம் ஆச்சு, ஸ்டோர்ல "வரும் வரும்"ங்குறாங்க. அதுவரைக்கும் டிப்பர் கொஞ்சம் தள்ளியே நிக்குது, ஆளுங்க கம்ப்ரசரைப் பின்னாடி பக்கத்துலேர்ந்து தள்ளிட்டு வராங்க, கால்வாசி அடிக்கு ஒரு தடவை கட்டை போடுறோம், அரை மணி நேரம் ஆகுது. டிரைவர் முணுமுணுக்குறாரு. முணுமுணுக்கட்டும், பின் இறங்குற வரைக்கும் வண்டிச் சாவி என் சட்டைப் பையில.