மேல்தாடை சைனஸ் புற்றுநோய்: பல் ஆட்டத்திலிருந்து கதிர்வீச்சு வரை

மேல்தாடை சைனஸில் உண்டான புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடித்துக்கொண்டு, இப்போது தொடர் கண்காணிப்பில் இருக்கிறேன். தலை, கழுத்துப் பகுதியில் வரும் புற்றுநோய்களில் மூக்கும் சைனஸ்களும் சேர்ந்தே ஏறத்தாழ 3 முதல் 5 விழுக்காடுதான் என்பதால், இதே நோயைக் கடந்து வந்த ஒருவரை நேரில் பார்த்துப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. இதே பாதையில் வரப்போகிறவருக்கு உதவும் என்றே எழுதுகிறேன்.

வலப்பக்க மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டே இருந்தது. சளியில் அவ்வப்போது ரத்தம் கலந்து வந்தது. பிறகு அதே பக்கத்து மேல் கடைவாய்ப் பற்கள் ஆடத் தொடங்கின; கண்ணுக்குக் கீழே கன்னம் மரத்துப்போனது. பற்களில் சொத்தையோ ஈறு நோயோ இல்லாமலே அவை ஆடுவதைக் கவனித்த பல் மருத்துவர், பல்லைப் பிடுங்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார். அந்த முடிவுக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இத்தனை அறிகுறிகளும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் என் குழப்பம் தீர்ந்தது. மேல்தாடை சைனஸ் என்பது கன்னத்துக்குப் பின்னால், மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறை. அதன் தரையை ஒட்டி மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் இருக்கின்றன; அதன் கூரைதான் கண்குழியின் தளம்; கன்னத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு அந்தக் கூரை வழியாகவே செல்கிறது; உட்சுவருக்கு அப்பால் மூக்கு. உள்ளே வெற்றிடம் இருப்பதால் கட்டி வெகுநாள் எதையும் அழுத்தாமல் வளர்கிறது. சுவரைத் தொட்ட பின்னரே பல்லோ கண்ணோ மூக்கோ அதைக் காட்டிக்கொடுக்கிறது. இந்த நோய் பெரும்பாலும் முற்றிய நிலையில் கண்டறியப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

மேல்தாடை, எத்மாய்டு, ஃப்ரான்டல், ஸ்பீனாய்டு என நான்கு இணை சைனஸ்கள் உள்ளன. இவற்றில் புற்றுநோய் மிக அதிகமாகத் தோன்றுவது மேல்தாடை சைனஸில்; அடுத்தது, இரு கண்களுக்கும் இடையில் உள்ள எத்மாய்டில். நெற்றியில் உள்ள ஃப்ரான்டலிலும், மண்டைக்குள் ஆழத்தில் உள்ள ஸ்பீனாய்டிலும் மிக அரிது. மருத்துவர் என் தொழிலைப் பற்றியும் துருவிக் கேட்டார். மரத்தூளையும் தோல் பொருள்கள் செய்யும்போது எழும் தூளையும் பல ஆண்டுகள் சுவாசிப்பவர்களுக்கு, குறிப்பாக எத்மாய்டில், அடினோகார்சினோமா என்ற, சுரப்பிச் செல்களில் தோன்றும் வகை வருவதுண்டு என்று விளக்கினார். எனக்கு அந்தத் தொடர்பு இல்லை. பயாப்சியில், அதாவது கட்டியின் திசுவை எடுத்துச் செய்யும் பரிசோதனையில், வந்தது இந்தப் பகுதியில் மிகப் பரவலாகக் காணப்படும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற, தட்டையான மேற்படலச் செல்களில் தோன்றும் வகை.

பயாப்சிக்கு முன்பே ஸ்கேன் எடுத்தார்கள். கட்டியில் ரத்தக்குழாய்கள் மிகுந்திருந்தால் திசு எடுக்கும்போது கடும் ரத்தப்போக்கு ஏற்படலாம் என்பதால் இந்த வரிசை. எலும்பு எங்கே அரிக்கப்பட்டிருக்கிறது என்பதை சி.டி. காட்டியது, கட்டி எது, அதன் பின்னால் தேங்கிய சளி எது, நரம்பு வழியாகப் பரவியிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டியது. கண்ணின் உள்முனையிலிருந்து கீழ்த்தாடைக் கோணம் வரை ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார் மருத்துவர். ஓங்ரன் என்ற மருத்துவர் 1930களில் வகுத்த கோடு அது. அதற்கு முன்னும் கீழும் இருக்கும் கட்டியை முழுமையாக அகற்றுவது எளிது. பின்னும் மேலும் இருப்பது கண்ணையும் மண்டையோட்டின் அடித்தளத்தையும் நெருங்கிவிடும். என் கட்டி கோட்டுக்குக் கீழே இருந்தது.

அறுவை சிகிச்சைக்கு முன்பே, செயற்கைப் பல் நிபுணர் ஒருவர் என் மேல்வாயின் அச்சை எடுத்துக்கொண்டார். இதன் அருமை பின்னர்தான் விளங்கியது. அண்ணத்தின் ஒரு பகுதியை மேல்தாடையோடு சேர்த்து அகற்றியதால், வாய்க்கும் மூக்குக்கும் இடையில் பெரிய திறப்பு உண்டாகிவிட்டது. அதை மூடாவிட்டால் குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியாக வரும். பேச்சு பிறருக்குப் புரியாது. அச்சை வைத்துச் செய்த அப்டுரேட்டர் என்ற தகட்டை அறுவை அரங்கிலேயே பொருத்திவிட்டதால், மயக்கம் தெளிந்தபோதே என்னால் ஓரளவு பேச முடிந்தது. காயம் ஆற ஆறத் திறப்பின் வடிவம் மாறுவதால், தகட்டையும் பலமுறை திருத்த வேண்டியிருந்தது. சிலருக்கு உடலின் வேறிடத்திலிருந்து திசுவையும் எலும்பையும் எடுத்து இந்தக் குறையை மூடுகிறார்கள். எது பொருந்தும் என்பதை அறுவைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது மிகவும் அவசியம்.

கதிர்வீச்சு தொடங்குமுன், காப்பாற்ற முடியாத பற்களைப் பிடுங்கிவிட்டார்கள். கதிர் பட்ட தாடையில் பின்னாளில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகக்கூடும். முகத்துக்கென வார்த்த முகமூடியை மேசையோடு பொருத்தி, வாரத்தில் ஐந்து நாள், ஏறத்தாழ ஆறு வாரம் சிகிச்சை நடந்தது. வலி இல்லை. ஆனால் வாய் வறண்டு, ருசி அற்று, உள்ளே புண்ணாகி, வாயைத் திறப்பதே கடினமாயிற்று. தாடைத் தசைகள் இறுகிவிடாமல் இருக்க அன்று கற்றுத்தந்த வாய் திறக்கும் பயிற்சியை இன்றும் செய்துவருகிறேன்.

நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பும் என்பதால், பரிசோதனைகள் இப்போது நெருக்கமாக இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழற்றி, அந்தக் குழிக்குள் எண்டோஸ்கோப் என்ற ஒளியுள்ள மெல்லிய குழாயை வைத்துப் பார்க்கிறார்கள். திசு மாற்றி வைத்து மூடாமல் தகட்டைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குக் கிடைத்த பயன் இது: கட்டி இருந்த இடம் மருத்துவரின் கண்ணுக்கு நேராகவே தெரிகிறது.