சிப்புட் டிக்கெட், ஈப்போ வரைக்கும்தான்

சிங்கப்பூருக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுப் பெண் ஒருத்தி, "அக்கா, தீபாவளிக்கு ஊருக்கு பஸ்லயே போயிடலாம்ல?" என்று கேட்டாள். போயிடலாம். நானும் வருசக்கணக்காக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் அதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி விரல் வலித்துவிட்டது, அதனால் இங்கேயே எழுதி வைக்கிறேன். இனி யார் கேட்டாலும் லிங்க் அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம்.

ஊர் தெரியாதவர்களுக்கு: சுங்கை சிப்புட் மலேசியாவில் பேராக் மாநிலத்தில் இருக்கிறது, ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சாருக்கு முன்னால். சுற்றிலும் தோட்டங்கள். தாத்தா காலத்தில் பால்மரம் (ரப்பர்), இப்போது பார்க்கிற பக்கமெல்லாம் செம்பனை. 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் வெள்ளைக்கார துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலமே வந்தது. முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊர். சாமிவேலு 1974-லிருந்து 2008 வரை எம்.பி.யாக இருந்த தொகுதி. இவ்வளவு கதை உள்ள ஊர், எக்ஸ்பிரஸ் பஸ்காரர்கள் கண்ணில் மட்டும் படவே படாது.

வேடிக்கை என்னவென்றால், வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வேலை தொடங்கிய காலத்தில் பொதுப்பணி அமைச்சராக இருந்தவரும் அதே சாமிவேலுதான். 1994-இல் சாலை முழுதாகத் திறந்தது. அருமையான சாலை, அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்ன, ஈப்போவைத் தாண்டியதும் அது மலைமேல் ஏறி மெனோரா சுரங்கப்பாதைக்குள் புகுந்து கோலகங்சார் பக்கம் போய்விடுகிறது. எங்கள் ஊருக்கு வர வேண்டுமானால் செம்மோர் வழியாகப் பழைய சாலையைப் பிடிக்க வேண்டும். என் புலம்பலுக்கெல்லாம் மூலகாரணம் இந்தத் திருப்பம்தான், அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் எங்கே ஏறுவது. சிங்கப்பூரிலிருந்து நேராக ஈப்போவுக்கு பஸ் உண்டு, ஆனால் டிக்கெட் சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்). முன்பெல்லாம் பீச் ரோடு கோல்டன் மைல் கட்டடத்துக்குப் போனால் போதும், வரிசையாகக் கவுண்டர்கள் இருக்கும், அந்தக் கட்டடத்தை விற்று 2023-இல் எல்லாரையும் காலி பண்ணிவிட்டார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் போகிற காலத்தில் கையில் காசு கம்மியாக இருப்பவர்கள் செய்வது ஒன்றுதான்: 170-ஆம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துப் பாலம் தாண்டி மலேசியப் பக்கம் ஜொகூர் பாருவில் லார்க்கின் பஸ் நிலையத்துக்குப் போய், அங்கே ரிங்கிட்டில் டிக்கெட் எடுப்பது. அங்கே கையைப் பிடித்து இழுத்து "ஈப்போவா, ஈப்போவா" என்று கூவுகிறவர்களிடம் வாங்காதீர்கள், கவுண்டரில் வாங்குங்கள். பெருநாள் நேரத்தில் இந்த வேலையே ஆகாது, முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிட வேண்டும்.

இப்போது பாலம். 1924-இல் திறந்தது, நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், நடந்தே கடக்கலாம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜாம் ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி நிஜமாகவே நடக்கிறார்கள். நேர் பஸ்ஸில் வந்தாலும் பாஸ்போர்ட் சோதனைக்கு இரண்டு முறை இறங்கியே ஆக வேண்டும், சிங்கப்பூர் பக்கம் உட்லண்ட்ஸில் ஒருமுறை, ஜொகூர் பக்கம் ஒருமுறை. ஜொகூர் பக்கம் இறங்கும்போது மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் கூடவே தூக்கிக்கொள்ள வேண்டும். பஸ் கொஞ்ச நேரம்தான் நிற்கும். நீங்கள் வரவில்லை என்றால் அது கிளம்பிவிடும், அதற்கெல்லாம் மனசாட்சி கிடையாது.

ஒரு தைப்பூசத்துக்குப் போனபோது பக்கத்து சீட்டில் ஒரு பாட்டி. மகளையும் பேரப்பிள்ளையையும் பார்க்க சிங்கப்பூர் வந்துவிட்டுத் திரும்புகிறார், இறங்க வேண்டியது எங்கள் ஊர்தான். கையில் மகள் வாங்கிக் கொடுத்த புது ரைஸ் குக்கர், பெட்டியோடு, சிவப்பு ராஃபியா கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. "சாமானெல்லாம் கொண்டுட்டு இறங்குங்க" என்று டிரைவர் சத்தம் போட்டதும் பாட்டி, "குக்கர் சீட்லயே இருக்கட்டும்யா, நான் திரும்பி வருவேன்ல" என்கிறார். டிரைவருக்குத் தமிழ் தெரியாது. நான் குக்கரைத் தூக்கிக்கொண்டேன். உள்ளே போனால் எஸ்கலேட்டர். "ஓடுற படியில நான் ஏற மாட்டேன்மா, போன தடவ சேலை மாட்டிக்கிச்சு" என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். லிஃப்ட்டுக்குப் போனால் சக்கர நாற்காலி, குழந்தை வண்டி என்று ஊரே நிற்கிறது. பாஸ்போர்ட் முத்திரை, ஸ்கேனரில் பை, ஸ்கேனரில் குக்கர், எல்லாம் முடிந்து கீழே பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தால் எங்கள் பஸ்ஸைக் காணோம். "நம்ம பஸ்ஸு பச்சைக் கலருதானே?" என்று பாட்டி கேட்டார். அங்கே நின்ற பஸ்ஸில் பாதி பச்சைதான்.

நம்பர் பிளேட்டை நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், அதனால் அதே கம்பெனியின் அடுத்த பஸ் டிரைவர் போன் போட்டுப் பேசி எங்களை லார்க்கின் வரை ஏற்றிக்கொண்டார். எங்கள் பஸ் அங்கே ஆள் ஏற்ற நின்றிருந்தது. இல்லாவிட்டால் புது டிக்கெட்தான். தங்கச்சிகளா, தம்பிகளா, ஏறியதும் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துவிடுங்கள். பஸ் கலரை நம்பாதீர்கள்.

(சிங்கப்பூரில் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை கிடையாது, 1968-இல் எடுத்துவிட்டார்கள். பேராக்கில் உண்டு. அதனால் ஊரில் எல்லாரும் சாவகாசமாகக் காவடி பார்க்கும்போது நான் மட்டும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் ராத்திரியே திரும்ப வேண்டும்.)

அப்புறம் ஏர்கோன், அதுதான் ஏ.சி. மலேசிய எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் போனவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். வெளியே புழுங்குகிறது, உள்ளே மீன் கடை ஐஸ் பெட்டி. தலைக்கு மேல் காற்று வருகிற ஓட்டை இருக்குமே, அதை மூடுகிற குமிழ் உடைந்து போயிருக்கும். நான் கடைசியாக உட்கார்ந்த சீட்டில் யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஓட்டையில் டிஷ்யூவைத் திணித்து, அதன்மேல் பழைய டிக்கெட்டை நாலாக மடித்துச் செருகி, விழாமலிருக்கச் சூயிங்கம் ஒட்டியிருந்தார். அதையும் மீறி ஓரத்தில் தண்ணீர் கசிந்து, டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் ஒரு சொட்டு சரியாக என் கழுத்தில் விழுந்தது. ஸ்வெட்டர், காலுறை, அதன்மேல் அம்மாவின் பழைய கம்பளித் துண்டு, இவ்வளவும் போட்டும் பல் தந்தியடித்தது. முன்னால் போய்ப் பார்த்தால் டிரைவர் அண்ணன் ஜாக்கெட், குல்லா எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தமிழர்தான். "அண்ணே, கொஞ்சம் குறைங்கண்ணே" என்றேன். "குறைச்சா எனக்குத் தூக்கம் வந்துடும்மா" என்றார். அதற்கப்புறம் அந்த பஸ்ஸில் ஒருவரும் குளிர் பற்றிப் பேசவில்லை.

சிரித்தாலும், இந்தத் தூக்க விஷயம் சிரிக்கிற விஷயம் இல்லை. 2013-இல் கெந்திங் மலைச்சாலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் போனார்கள். 2025 ஜூன் 9-ஆம் தேதி கிரிக் பக்கம் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்து பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர். அதற்கு அப்புறம்தான் ஜூலை முதல் தேதியிலிருந்து எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் பயணிகளும் சீட் பெல்ட் போட வேண்டும் என்று கண்டிப்பாக்கினார்கள், போடாவிட்டால் 300 ரிங்கிட் வரை அபராதம். பெருநாள் நேரத்தில் சாலைப் போக்குவரத்து இலாகா அதிகாரிகள் சாதாரண உடையில் பயணி போல ஏறி உட்கார்ந்து டிரைவரைக் கவனிப்பதும் உண்டு. நல்ல காரியம். ஆனால் சில பஸ்ஸில் பெல்ட்டின் ஒரு முனை சீட் இடுக்குக்குள் போய்விட்டிருக்கும், கையை விட்டுத் தேடினால் கச்சான் (வேர்க்கடலை) தோல், பழைய டிஷ்யூ எல்லாம் வரும், பெல்ட் வராது. அப்படி இருந்தால் கூச்சப்படாமல் வேறு சீட் கேளுங்கள்.

நடுவில் பாகோவிலோ மாச்சாப்பிலோ தாப்பாவிலோ நிறுத்துவார்கள். கழிவறை, ஒரு தே தாரே டீ, அவ்வளவுதான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சரி, இப்போது அந்தத் திருப்பம். டிக்கெட் விற்கிற இடத்தில் "சுங்கை சிப்புட்" என்று தெளிவாக இருக்கும். கட்டணமும் ஈப்போவைவிட ஒன்றிரண்டு வெள்ளி கூட. விடிகாலை நாலு மணி வாக்கில் பஸ் ஈப்போ மேரு ராயாவில் அமான்ஜெயா நிலையத்துக்குள் நுழையும், முக்கால்வாசிப் பேர் இறங்கிவிடுவார்கள், மீதி இன்னும் வடக்கே பட்டர்வொர்த் போகிறவர்கள். நாம் போர்வைக்குள் சுகமாக இருப்போம், இன்னும் அரைமணி நேரம்தான் வீடு என்று. டிரைவர் பின்னால் வந்து லைட்டைப் போட்டு, "சிப்புட் தா மாசோக். துருன் சினி" என்பார். சிப்புட்டுக்குள்ளே போகாதாம், இங்கேயே இறங்கு என்கிறார். டிக்கெட்டைக் காட்டினால் அதைப் பார்க்கக்கூட மாட்டார். "பட்டர்வொர்த் போற ஆளுக்கு லேட் ஆகும்" என்பதுதான் பதில். ரொம்பக் கெஞ்சினால், "வேணும்னா கோலகங்சார்ல இறக்கி விடுறேன், அங்கேருந்து திரும்பி வந்துக்கோ" என்பார்.

அவர் கணக்கும் எனக்குப் புரியாமல் இல்லை. இரண்டு மூன்று பேருக்காக நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பழைய சாலையில் சிக்னல் சிக்னலாக நின்று, ஊருக்குள் வந்து, மறுபடி கோலகங்சாரில் போய் ஏற வேண்டும். டீசல், நேரம், தூக்கம் எல்லாமே போகும். போகாதே, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போகாத ஊருக்கு டிக்கெட் விற்காதே! ஈப்போ என்று விற்றால் நான் ஈப்போவுக்கு ஏற்பாடு செய்துகொண்டு வருவேன், அப்பாவைச் சாயங்காலமே கூப்பிட்டுச் சொல்வேன். ஒருமுறை கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். பயணிகள் குறைவாக இருந்தால் இறங்குமிடம் மாறலாம் என்று விதிமுறையில் இருக்கிறதாம். அந்த ஒன்றிரண்டு வெள்ளியும் திரும்பி வரவில்லை. பீடோர்க்காரர்களும் லாபிஸ்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள், தோட்டத்து ஊர் என்றாலே போகிற வழியில் உதிர்த்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பு.

அந்த நேரத்துக்கு உள்ளூர் பஸ் கிடையாது. கிராப் டாக்சி ஆப்பில் காட்டுகிற காசைப் பார்த்தால் பஸ் டிக்கெட்டே தேவலை. அப்பாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, பால்மரம் வெட்டிய பழக்கத்தில் அவருக்கு மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடும் என்பதால் போன் அடித்ததும் எடுத்துவிடுவார். "அங்கேயே வெளிச்சத்துல நில்லு, வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். லாரிகள் ஓடுகிற சாலையில், இருட்டில், அந்த வயதில். எனக்கு பஸ்காரர்கள் மேல் இருக்கிற உண்மையான கோபம் இதற்குத்தான், குளிரெல்லாம் சும்மா. பாட்டியோடு வந்த அன்று அவரையும் குக்கரையும் மோட்டாரில் ஏற்ற முடியுமா? நிலையத்தில் டாக்சிக்கார அங்கிள் ஒருவரிடம் பேரம் பேசி, பாட்டியோடு நானும் ஏறிக்கொண்டேன், அப்பா பின்னாலேயே மோட்டாரில் வந்தார். பாட்டி வழி முழுக்க, "டிரைவரு நம்மள ஏமாத்திட்டானா, இல்ல ஊரு மாறிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வேறு வழி உண்டா என்றால், உண்டு. பகலில் லார்க்கினிலிருந்து கே.எல். (கோலாலம்பூர்) டி.பி.எஸ். பஸ் நிலையம் வரை பஸ். பக்கத்திலேயே பண்டார் தாசேக் செலாத்தான் ரயில் நிலையம், அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல், அப்புறம் வடக்கே போகிற ஈ.டி.எஸ். ரயில். ரயில் எங்கள் ஊரிலேயே நிற்கிறது, டிரைவரைக் கெஞ்ச வேண்டியதில்லை. ஒரு நாள் முழுக்கப் போய்விடும், மூட்டையோடு ஏறி இறங்க வேண்டும், ஆனால் சிப்புட் டிக்கெட் என்றால் அது சிப்புட் டிக்கெட். ஒரே தொல்லை, பெருநாள் டிக்கெட் விற்பனை திறந்த சூட்டோடு தீர்ந்துவிடும்.

இந்தத் தீபாவளிக்கு அப்படித்தான் தீர்ந்துவிட்டது. பஸ்ஸில் ஈப்போ வரைக்கும் என்றே எடுத்து வைத்திருக்கிறேன், அந்த ஒன்றிரண்டு வெள்ளியாவது மிச்சம். சிங்கப்பூரிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ சிப்புட், கோலகங்சார் பக்கம் காரில் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், டிக்கெட்டை யாருக்காவது விற்றுவிட்டு வந்துவிடுகிறேன். டோலிலும் பெட்ரோலிலும் என் பங்கைத் தருகிறேன், முறுக்கு கொண்டுவருகிறேன், என்ன பாட்டு போட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன். ஏர்கோன் மட்டும் இரண்டாம் நம்பரைத் தாண்டக் கூடாது.