மெட்ரோலாக் பிடித்த கை

1983-இல் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அதாவது ஆபிஸ் குமாஸ்தாவாக, சேர்ந்தேன். அதிகாரம் என்றால் பங்களாவில் இருக்கும் துரைதான் என்று நினைப்பு. (வெள்ளைக்காரன் போய் நம்மூர் மானேஜர் வந்தும் எங்களுக்கு அவர் துரைதான்.)

ரப்பர் பால் நிறுக்கும் கொட்டாயில் இரண்டே வாரத்தில் அந்த நினைப்பு கரைந்தது. வாளியை நிறுத்ததும் கொஞ்சம் பாலெடுத்து, தண்ணீர் கலந்து, உயரமான குவளையில் ஊற்றி மெட்ரோலாக் என்ற கருவியை மிதக்கவிடுவோம். பாலில் ரப்பர் எவ்வளவு என்று அது காட்டும். நுரையை ஊதிவிட்டுக் குனிந்து பார்த்தால்தான் கோடு தெரியும். குனிவது நான் மட்டும். எதிரே நிற்கும் அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். இருட்டில் எழுந்து வெட்டிய பாலுக்கு நான் சொல்வதுதான் எண்.

"டக்குனு சொல்லிடாத தம்பி, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நில்லு" என்பார் பெரிய கிராணி. யாருக்கும் அவர் முடியாது என்று சொன்னதில்லை. "பாக்கலாம்" என்பார், அவ்வளவுதான். 55 வயதாகி ஊழியர் சேமநிதிப் பணம் எடுக்க வருபவரின் விண்ணப்பப் பாரம் மூன்று நாள் அவர் டிராயரில் தூங்கும். பிறகு தானே வீடு தேடிப் போய்க் கொடுப்பார். அவரவர் உழைத்த காசு, இவர் போட்ட பிச்சையாகிவிடும். அந்தக் காலத்தில் ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்து வேலை வாங்கிய கங்காணிக்கு வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் தலைக்காசு உண்டு. 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்ததும் அந்த முறை ஒழிந்தது என்பார்கள். எங்கள் ஆபிசில் அது டிராயருக்குள் இருந்தது.

நானும் யோக்கியனில்லை. ஒருநாள் ஒரு பெரியவர், "என்ன தம்பி, கண்ணு தெரியலையா?" என்று எல்லார் முன்னும் கேட்டுவிட்டார். மறுநாள் நுரையை ஊதாமலே ஒரு எண்ணைக் குறைத்துச் சொன்னேன். நான்கு நாள் அப்படி. ஐந்தாம் நாள் ஒரு சீப்பு பீசாங் மாஸ் வாழைப்பழம் கொண்டுவந்து மேசையில் வைத்து, "ஐயா" என்றார். அந்த "ஐயா" இனித்தது. பழத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன், சாப்பிட முடியவில்லை. குறைத்ததைச் செக்ரோல் என்ற கணக்குப் பதிவேட்டில் திருத்தி எழுதவும் துணிவில்லை.

அதற்குப் பிறகு குவளையை அவர்கள் பக்கம் நகர்த்தி, "நீங்களே பாருங்க" என்பேன். "அப்புறம் உன்ன யாருடா மதிப்பா?" என்று கடிந்தார் பெரிய கிராணி.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த வருஷ மாரியம்மன் திருவிழாவில் அவருக்கு முதல் மாலை. எனக்கு அன்னதானப் பந்தியில் கடைசி இலை, ரசம் தீர்ந்துபோயிருந்தது. பரிமாறியவர் அந்தப் பெரியவர். "மோர் ஊத்திக்க தம்பி" என்றார்.