கொட்டாங்குச்சிக் குதிரையும் மணி அடிக்கும் அலமாரியும்

குதிரை தேறிவிட்டது. அமெரிக்காவின் பழைய ரேடியோ நாடகங்களில் வரும் சத்தங்களை வீட்டுச் சாமான்களை வைத்தே செய்து, போனில் பதிவு பண்ணிப் பார்க்கிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன் அல்லவா, அதில் இதுதான் உருப்படியாக வந்திருக்கிறது. அங்கேயும் குளம்புச் சத்தத்துக்குத் தேங்காய் ஓடுதான், நமக்கு அதற்கா பஞ்சம்! பலகையில் தட்டினால் குதிரை ஊருக்குள் வருகிறது, மண் நிரப்பிய தட்டில் தட்டினால் காட்டுப்பாதையில் போகிறது. பனியில் நடக்கும் சத்தத்துக்குச் சோளமாவைப் பையில் இறுகக் கட்டி அமுக்க வேண்டும், தீ எரிவதற்குப் பூங்கொத்து சுற்றி வரும் கண்ணாடித் தாளைக் கசக்கினால் போதும். இதெல்லாம் சுலபம்.

படுத்துவது அலமாரிதான். 'ஃபிப்பர் மெக்கீ அண்ட் மோலி' என்று என்பிசி என்ற அமெரிக்க ரேடியோ நிறுவனத்தில் வந்த நகைச்சுவைத் தொடர், 1940-லிருந்து அதில் ஒரு வாடிக்கை: மெக்கீ அலமாரிக் கதவைத் திறப்பார், உள்ளே திணித்து வைத்ததெல்லாம் கடகடவென்று சரியும், கடைசியில் ஒரு சின்ன மணி மட்டும் கிணிங். பாத்திரங்களைப் பரணிலிருந்து மொத்தமாகத் தள்ளினால் வெறும் இரைச்சல்தான் வருகிறது (கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்). முதலில் லேசானவை, அப்புறம் கனமானவை, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னும் ஒன்று, ஒரு நொடி அமைதி, பிறகு மணி. அந்த ஒரு நொடியில்தான் சிரிப்பே இருக்கிறது.

எனக்குப் பிடிக்கும்வரை திரும்பத் திரும்பப் பதிவு பண்ணலாம், அந்தக் கால ரேடியோக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. என்பிசியும் அதன் போட்டி நிறுவனமான சிபிஎஸ்ஸும் 1940-களின் பிற்பகுதிவரை பதிவு செய்த நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்திருந்தன. எல்லாம் நேரடி, மணி தவறினால் தவறியதுதான். மேற்குக் கரையில் நேரம் மூன்று மணி பின்தங்கியது என்பதால் பல நிகழ்ச்சிகளை அதே இரவில் இன்னொரு தடவை முழுதாக நடித்தார்கள். பாடகர் பிங் கிராஸ்பிக்கு இது பிடிக்காமல், 1946-ல் முன்கூட்டியே பதிவு செய்ய விட்ட ஏபிசி என்ற இன்னொரு ரேடியோ நிறுவனத்துக்குப் போனார், அடுத்த வருடமே காந்த நாடாவுக்கும் மாறிவிட்டார்.

ரேடியோ நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியின் நிகழ்ச்சியில் வரும் ஓட்டை மேக்ஸ்வெல் காரையும் முயன்று பார்த்தேன். கார்ட்டூன் முயல் பக்ஸ் பன்னிக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் அந்த இன்ஜினை வாயாலேயே இருமவைத்து ஓட்டுவார், எனக்கு நிஜ இருமல்தான் வந்தது.

அடுத்தது 'இன்னர் சாங்டம்' கதவு, 1941-ல் தொடங்கிய அந்தத் திகில் தொடரே ஒரு கிரீச்சில்தான் ஆரம்பிக்கும். வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் இப்போதுதான் எண்ணெய் போட்டிருக்கிறது, அதனால் பழைய மரச்சாமான் கடையில் துருப்பிடித்த கீல் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.