ஆயாக்களுக்குப் பயிற்சி வாங்கிக் கொடுப்பதற்குள்

"பணியாளர்களுக்கு முறையான பயிற்சி இல்லை." மாற்றுத்திறனாளிகளுக்காக நாங்கள் நடத்தும் இல்லத்துக்கு ஆய்வுக்கு வந்தவர்கள் பதிவேட்டில் இந்த ஒரு வரியை எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். என்ன பயிற்சி, யார் கொடுப்பார்கள், எங்கே போய்க் கேட்பது என்று ஒன்றும் சொல்லவில்லை. பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வேறு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி பதிவு இல்லாமல் இல்லம் நடத்த முடியாது. அந்த ஒரு வரிக்காக நான் பட்ட பாட்டை இங்கே எழுதி வைக்கிறேன். மதுரைப் பக்கம் சின்ன அளவில் இல்லமோ பகல்நேரக் காப்பகமோ நடத்துகிறவர்களுக்கு உதவும்.

எங்கள் இல்லம் அழகர்கோவில் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. இருப்பவர்கள் எல்லோரும் 18 வயது தாண்டியவர்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள், சிலருக்கு ஆட்டிசம், சிலருக்குக் கூடவே வலிப்பும் உண்டு. பார்த்துக்கொள்வது சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் அக்காக்கள். ஐந்தாவது, எட்டாவது படித்தவர்கள். ஒருவர் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். ஆனால் எங்களிடம் இருப்பவர்களில் பெரிய கோபக்காரர் அவர் ஊட்டினால்தான் சாப்பிடுவார்.

முதலில் போன அலுவலகத்தில் எழுத்தர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "சி.ஆர்.இ. புரோகிராம் அங்கங்க நடக்கும் சார், அதுக்கு அனுப்புங்க." சரி என்று விசாரித்து, ஷிப்டை எல்லாம் மாற்றிப் போட்டு, சில அக்காக்களை அழைத்துக்கொண்டு மாட்டுத்தாவணியில் விடிகாலை பஸ் ஏறினேன். வெளியூர்ப் பயணம். போய்ச் சேர்ந்தால் வரவேற்பு மேசையில் முதல் கேள்வியே "சி.ஆர்.ஆர். நம்பர் சொல்லுங்க" என்பதுதான். அப்போதுதான் விஷயம் விளங்கியது. சி.ஆர்.இ. (தொடர் மறுவாழ்வுக் கல்வி) என்பது சி.ஆர்.ஆர். என்று சொல்லும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் ஏற்கனவே பெயர் உள்ளவர்களுக்கு. சிறப்பாசிரியர், உளவியலாளர் போன்றவர்கள் தங்கள் பதிவைப் புதுப்பிக்கப் புள்ளிகள் சேர்க்கும் இடம் அது. ஆயாக்களுக்கு அங்கே ஒரு கட்டம்கூடக் கிடையாது. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம், சாப்பாட்டு டோக்கன் மட்டும் தர முடியாது என்றார்கள். "ஒக்காந்து கேக்கலாமாம், சோறு மட்டும் இல்லையாம், நல்ல கல்யாணம்" என்று ஒரு அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அனுப்பி வைத்த எழுத்தரிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன். "அப்படியா?" என்றார். அவ்வளவுதான்.

பராமரிப்பாளர்களுக்கென்றே படிப்பு இல்லாமல் இல்லை. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு போன்றவை உள்ளவர்களின் நலனுக்காக 1999 சட்டத்தின் கீழ் வந்த தேசிய அறக்கட்டளை அப்படி ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஆனால் நான் போய்க் கேட்ட மையத்தில் பத்தாவது மார்க் ஷீட் கேட்டார்கள். மார்க் ஷீட் இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. படிப்பு மாதக் கணக்கில் நடக்கும். அத்தனை நாள் ஆயாக்களை அங்கே அனுப்பிவிட்டால் இங்கே குளிப்பாட்டுவது யார்? புதிதாக வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கு அது நல்ல வழி. ஏற்கனவே வேலையில் இருப்பவர்களுக்கு ஒத்துவராது.

அடுத்து, டிரஸ்டி ஒருவருக்குத் தெரிந்தவர் என்று ஒரு பயிற்சியாளர் வந்தார். ஒரு நாள் பயிற்சி. வாசலில் ஃப்ளெக்ஸ் எல்லாம் கட்டியாயிற்று. புரொஜெக்டரில் ஸ்லைடு ஸ்லைடாக ஆங்கிலம் ஓடியது. மதியம் வரை பொறுத்துப் பார்த்த இரவு ஷிப்டு அக்கா எழுந்து, "சார், ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு செவுத்துல தலைய முட்டுறாக. நான் ஒருத்திதான் இருக்கேன். என்னத்த செய்யணும்?" என்று கேட்டார். "சைக்கியாட்ரிஸ்ட்டைக் கன்சல்ட் பண்ணணும்" என்று பதில் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு! குரூப் போட்டோவில் எல்லோரும் சிரித்திருந்தோம். சான்றிதழும் கொடுத்தார். பின்னால் அதை அலுவலகத்தில் நீட்டியபோது, கொடுத்தவருக்குப் பதிவு எண் இல்லை, செல்லாது என்றார்கள். ஆகவே ஒரு எச்சரிக்கை: யாரைக் கூப்பிட்டாலும் அவருடைய சி.ஆர்.ஆர். எண்ணை முதலில் கேளுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது அது. காலாவதியாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

கடைசியில் வழி காட்டியது எங்களிடம் இருக்கும் ஒரு பையனின் அம்மா. மகன் சின்ன வயதில் படித்த சிறப்புப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் திருநகரில் இருக்கிறார் என்றார். போய்ப் பார்த்தேன். டீச்சர் போட்ட நிபந்தனைகள்: பயிற்சி இல்லத்திலேயே நடக்கும். மத்தியானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடையாது. இரவு ஷிப்டுக்கு அதே பாடம் தனியாக. சமையல்காரரும் வாட்ச்மேனும் கட்டாயம் உட்கார வேண்டும். அப்புறம், ஃப்ளெக்ஸ் வேண்டாம்.

முதல் வாரம் முழுக்க ஒன்றுமே சொல்லித் தரவில்லை. ஆளுக்கொரு நோட்டு, அதில் மூன்று கட்டம். இல்லத்தில் இருப்பவர் யாராவது அடித்தாலோ எறிந்தாலோ, முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பின்னால் நாம் என்ன செய்தோம். "அடம் பிடித்தார்" என்று எழுதினால் டீச்சர் அடித்துவிட்டு, "கதவை எத்தனை தடவை உதைச்சார்? எப்போ நிறுத்தினார்? அதை எழுதுங்கம்மா" என்பார். எழுதத் தெரியாத அக்கா தட்டு, குளியல் மக்கு, கட்டில் என்று படம் போட்டு, பக்கத்தில் கோடு கிழித்து வைத்தார். அந்த நோட்டுதான் உள்ளதிலேயே தெளிவாக இருந்தது.

காலையில் குளிக்கக் கூட்டிப் போனால் அடிக்கிற ஒரு தம்பி இருக்கிறான். தண்ணீர் பிடிக்காது, அதனால்தான் என்று வருஷக்கணக்காக நினைத்திருந்தோம். நோட்டைப் புரட்டினால் கரண்ட் இல்லாத நாட்களில் அவன் அடிக்கவே இல்லை. குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார். அந்த இரைச்சல்தான் அவனுக்கு ஆகவில்லை. மோட்டார் போடுவதற்கு முன்பே குளிப்பாட்டி முடித்தோம். அதோடு அடி நின்றது. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

இன்னொருவர் திடீரென்று ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் அறைந்துகொள்ள ஆரம்பித்தார். புதிதாக எது தொடங்கினாலும் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும் என்பது டீச்சர் விதி. பல், காது, மலச்சிக்கல், வலிப்பு, பெண்களுக்கு மாதவிலக்கு வலி, புதிதாக மாற்றிய மாத்திரை. வலிக்கிறது என்று வாயால் சொல்லத் தெரியாதவர் கையால்தானே சொல்வார். இ.என்.டி. டாக்டர் பார்த்தபோது காதுக்குள் சீழ். மாத்திரை விஷயத்திலும் ஒன்று தெரிந்துகொண்டோம். வலிப்புக்குக் கொடுக்கும் லெவிடிரசெட்டாம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். அதற்காக நாமாக நிறுத்தக் கூடாது, வலிப்பு வந்துவிடும். நோட்டை எடுத்துப் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். நோட்டோடு போனால் டாக்டர்களும் கொஞ்சம் நின்று கேட்கிறார்கள், இது என் அனுபவம்.

நடத்தைகளை அளந்து பார்க்க, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான செகந்திராபாத் தேசிய நிறுவனம் 1992-இல் வெளியிட்ட பேசிக்-எம்.ஆர். என்ற அளவுகோலின் இரண்டாம் பகுதியை டீச்சர் பயன்படுத்தினார். பிரச்சினையான நடத்தைகள் 75, பத்து தலைப்புகளில். இல்லவே இல்லை என்றால் 0, எப்போதாவது என்றால் 1, அடிக்கடி என்றால் 2. குழந்தைகளுக்காகத் தயாரித்தது அது. பெரியவர்களுக்கு வெறும் சரிபார்ப்புப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

சண்டை வந்தது தண்டனை பற்றிய வகுப்பில். தட்டைத் தூக்கி எறிந்தால் அந்த வேளை சோறு கிடையாது என்பது எங்கள் சமையலறையில் யாரும் எழுதி வைக்காத சட்டம். ரொம்ப மீறினால் வாட்ச்மேன் துண்டால் கையைக் கட்டி உட்கார வைப்பார். இரண்டும் இன்றோடு நிற்க வேண்டும் என்றார் டீச்சர். வாட்ச்மேன் எழுந்துவிட்டார். "நாலு பேரு அடி வாங்குறதுக்கு ஒருத்தரக் கட்டுறது தப்பா டீச்சர்?" டீச்சர் குரலை உயர்த்தவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்ததைச் சொன்னார். மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். எங்கள் அக்காக்களில் ஒருவருக்கு ராமநாதபுரம் பக்கம்தான் பிறந்த ஊர். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் சட்டம். பராமரிப்பில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்குத் தெரிந்தே உணவோ தண்ணீரோ மறுத்தால் 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவில் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. சமையல்காரருக்கு வியர்த்துவிட்டது.

கட்டக் கூடாது என்றால் என்ன செய்வது? அதையும் உடம்பால் செய்து காட்டினார். முடியைப் பிடித்து இழுத்தால் எதிர்த்து இழுக்காதீர்கள். அவர் கையின் மேல் உங்கள் உள்ளங்கையை வைத்துத் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, பிடி தளரும்வரை காத்திருங்கள். நேருக்கு நேர் நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், கை எட்டாத தூரத்தில் நில்லுங்கள். அவர் வெளியே போகும் வழியை மறிக்காதீர்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள், அதுவும் இரண்டு வார்த்தை. எங்கள் இல்லத்தில் கலவரம் என்றால் ஐந்து பேர் ஒரே நேரத்தில் கத்துவதுதான் வழக்கம். கூட்டத்தைக் குறைத்ததே பாதி மருந்து.

நகை விஷயம் தனிக் கதை. தொங்கட்டான் வேண்டாம் என்றதும் தோட்டுக்கு மாறிவிட்டார்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னதும் அறையே எழுந்து நின்றது. கழற்ற வேண்டாம், ரவிக்கைக்குள் விட்டு ஊக்குக் குத்திக்கொள்ளுங்கள் என்று டீச்சரே இறங்கி வந்தார். வெளியூர்ப் பயிற்சியாளர்கள் இதை யோசிப்பதில்லை.

தட்டை எறிகிறவர் விஷயம்தான் ரொம்ப நாள் இழுத்தது. நோட்டைப் பார்த்தால், அவர் எறிந்ததும் அவரைச் சமாதானப்படுத்த டீ கொடுத்திருக்கிறார்கள், அநேகமாக ஒவ்வொரு தடவையும். எறிந்தால் டீ வரும் என்று அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். எங்கள் டம்ளரையே போட்டோ எடுத்து, கடையில் லேமினேட் செய்து, அந்த அட்டையை நீட்டினால் உடனே டீ, எறிந்தால் டீ இல்லை என்று மாற்றினோம். (சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அது எப்போதும் போல வரும்.) முதலில் எறிவது கூடியது. தட்டோடு நிற்கவில்லை, சொம்பு, நாற்காலி வரை போனது. "பயிற்சி வந்துதான் கெட்டுச்சு" என்று புகார் டிரஸ்டி வரை போய், நிறுத்திவிடலாம் என்று போன் வந்தது. பழக்கம் போகும் முன் ஒரு தடவை கூடத்தான் செய்யும், நடுவில் ஒருநாள் இரக்கப்பட்டு டீ கொடுத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று டீச்சர் முன்பே எச்சரித்திருந்தார். நான் டிரஸ்டியிடம் அதைச் சொல்லிக் கெஞ்சி நாள் வாங்கினேன். பிறகு ஒரு சாயங்காலம் அவர் அட்டையை எடுத்து வந்து சமையல்காரர் மூக்குக்கு நேரே நீட்டினார். சமையல்காரர் சர்க்கரை அள்ளிப் போட்டு டீ கொடுத்தார். இப்போதும் எப்போதாவது தட்டு பறக்கிறது. நாற்காலி பறப்பதில்லை.

காகிதக் கதை இன்னும் முடியவில்லை. டீச்சர் பதிவு எண்ணோடு கொடுத்த சான்றிதழ்களை எடுத்துப் போனால், ஆதாரில் முத்துலெட்சுமி, சான்றிதழில் முத்துலட்சுமி, இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று திருப்பி அனுப்பினார்கள். வருகைப் பதிவேடு, பாடத்திட்டம், போட்டோ எல்லாம் கேட்டார்கள். தேதி அச்சான போட்டோவாக எடுத்து வையுங்கள். நோட்டுகளின் ஜெராக்ஸையும் சேர்த்து வைத்தேன். அதை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோப்பு மட்டும் ஒருவழியாக நகர்ந்தது.

பயிற்சி முடிந்த கையோடு நல்ல அக்காக்களில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். டவுனில் வீட்டோடு இருந்து பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, சம்பளம் அதிகம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஷிப்டு முடிந்தபிறகு இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு அதற்குக் காசு தரவில்லை என்றால் யாருக்குத்தான் மனசு வரும்? பயிற்சி நேரத்துக்குக் கூலியும், இரவு ஷிப்டுக்குத் தனிப்படியும் பெரிய இழுபறிக்குப் பிறகு இப்போது கிடைத்திருக்கிறது. நீங்கள் பயிற்சியாளரைத் தேடிக் கிளம்புவதற்கு முன்பே அதை டிரஸ்டிகளிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.