கலை நல்கைக் குழுவில் உட்கார்ந்த அனுபவம்

அரசுப் பணத்தில் தரும் கலை நல்கைக்கு வந்த நாடக விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவில் நானும் இருந்தேன். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு உள்ளே நடப்பது தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதல் கட்டம் வீட்டிலேயே. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் படித்து, கலைத்தரம், நடத்தி முடிக்கும் திறன், யாரிடம் போய்ச் சேரும் என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டு அனுப்பினோம். அப்புறம்தான் கூட்டம். எல்லோரும் அள்ளிப் போட்டவையும் எல்லோரும் ஒதுக்கியவையும் சீக்கிரம் முடிந்துவிடும். நடுவில் கிடப்பவற்றுக்குத்தான் வாக்குவாதம், ஏனென்றால் பணம் அந்த இடத்தில்தான் தீர்ந்துபோகிறது.

அப்படி நடுவில் கிடந்த ஒன்று இன்னும் மனதில் நிற்கிறது. எழுத்து சுமார்தான். இணைத்திருந்த ஒத்திகை வீடியோவைப் போட்டார்கள்: வெறும் அறை, ஒரு நாற்காலி, இரண்டு பேர். ஒருவர் உட்காரப் போகும்போதெல்லாம் இன்னொருவர் பேசாமல் நாற்காலியை நகர்த்துகிறார். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே கால் வலித்தது. குறைவாகப் போட்டிருந்த ஓர் இயக்குநர், யாரும் கேட்காமலே மதிப்பெண்ணை மாற்றினார். அடுத்து வந்ததோ படிக்கப் படிக்க அழகு. ஆனால் பட்ஜெட்டில் அரங்க வாடகை இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, ஒத்திகைக்கு நடிகர்களுக்கு ஊதியமே இல்லை. மேடை ஏறியவர்களுக்கு இது முதல் பார்வையிலேயே தெரியும். சக கலைஞர்கள் மதிப்பிடுவதன் பலன் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

சிக்கலும் உண்டு. என்னோடு வேலை செய்த ஒருவரின் விண்ணப்பம் வந்தபோது, விதிப்படி நான் வெளியே போய்விட்டேன். சரியான விதிதான். ஆனால் சிறிய கலைவடிவங்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நன்றாகத் தெரிந்தவர் வெளியே நிற்க, தெரியாதவர்கள் பேசி முடிக்கிறார்கள்.

ஒவ்வொரு நாட்டிலும் ஏற்பாடு வேறு. 1965இல் தொடங்கிய அமெரிக்க தேசியக் கலை நல்கை அமைப்பில், கலையைத் தொழிலாகக் கொள்ளாத, விஷயம் தெரிந்த பொதுமக்களும் குழுவில் இருக்க வேண்டும். குழு பரிந்துரைக்கும், கடைசி முடிவு அமைப்பின் தலைவருடையது. எங்கள் கூட்டத்தில் இருந்த அலுவலர் மதிப்பெண் போடவில்லை, பேசியதைக் குறிப்பெடுத்தார்.

கிடைக்கவில்லை என்றால் அந்தக் குறிப்பைக் கேளுங்கள். கேட்டால் சொல்கிற அமைப்புகள் இருக்கின்றன. பல இடங்களில் குழு சுற்றுக்குச் சுற்று மாறும், அதனால் அதே நாடகத்தோடு திரும்ப விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். வீடியோவை மட்டும் நல்ல ஒலியோடு எடுத்து அனுப்புங்கள்.