எள்ளுப்பாட்டியின் 160 ஏக்கர்

போன வருடம் ஈஸ்டர் விருந்து முடிந்ததும் என் மாமனார் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே நான்கைந்து புகைப்படங்கள், ஒரு ஜெபமாலை, மடிப்பில் கிழியத் தயாராக இருந்த ஒரு பத்திரம். "பழைய காகிதம் என்றால் நீதான் விடமாட்டாயே, இதில் என்ன இருக்கிறது பார்" என்றார். அவருக்கு வயது எண்பத்திரண்டு. அமெரிக்க வழக்கப்படி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வந்ததே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து 'மாமா'தான். இப்போது அவரே போனில் "மாமா பேசுகிறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

நான் சங்கரன்கோவில்காரி. கணவர் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர். நாங்கள் இருப்பது லிங்கன் நகரில். அவர்கள் குடும்பம் வந்தது அங்கிருந்து மூன்று மணி நேரம் வடமேற்கே, கஸ்டர் கவுண்டியிலிருந்து. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. அங்கே தலைநகர் மாதிரியான ஊரின் பெயர் ப்ரோக்கன் போ, அதாவது ஒடிந்த வில். மொத்தக் கவுண்டியிலும் பத்தாயிரத்துச் சொச்சம் பேர்தான். பரப்பளவோ 2,500 சதுர மைலுக்கு மேல்.

குடும்பத்தில் சொல்லிவந்த கதை இது. மாமாவின் கொள்ளுத்தாத்தா, என் கணவருக்கு எள்ளுத்தாத்தா, இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொகிமியாவிலிருந்து வந்தவர். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த 160 ஏக்கரை எடுத்து, மண்கட்டியை வெட்டி வீடு கட்டி, 1888 ஜனவரி 12 பெரும் பனிப்புயலில் மாட்டைத் தேடிப் போய் உறைந்து செத்தார். அவர் மனைவி? "மேரி. அவ்வளவுதான் தெரியும்." கல்லறை எங்கே? தெரியாது. நாலு பிள்ளை பெற்றவளைப் பற்றி ஒரு குடும்பத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல் என்பது எனக்கு உறுத்தியது. சரி, தேடுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதல் மூன்று மாதம் வீண். எல்லோரும் செய்கிற தவறைத்தான் நானும் செய்தேன், பெயரைப் போட்டுத் தேடினேன். அந்தக் குடும்பப் பெயரில் செக் மொழிக்கே உரிய ஓர் எழுத்து இருக்கிறது. 'ர'வையும் 'ஷ'வையும் ஒரே நேரத்தில் சொல்ல முயன்றால் வருகிற ஒலி. அமெரிக்கக் கணக்கெடுப்பாளர் காதில் என்ன விழுந்ததோ அதை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். போதாக்குறைக்கு, செக் வழக்கத்தில் பெண்களின் குடும்பப் பெயருக்கு 'ஓவா' என்ற விகுதி சேரும். கணவன் பெயர் ஒன்று, மனைவி பெயர் வேறொன்று போலத் தெரியும். இணையத்தில் பிறர் போட்டு வைத்த வம்ச மரங்கள் கிடைத்தன. அதில் பலர் ஒருவரைப் பார்த்து ஒருவர் நகலெடுத்து, விஸ்கான்சினில் வாழ்ந்த வேறு யாரோ ஒருவரை எங்கள் எள்ளுத்தாத்தாவாக உட்கார வைத்திருந்தார்கள். அந்த மனிதர் செத்தது 1911-ல். பனிப்புயலுக்குப் பிறகு 23 வருடம் உயிரோடு இருந்திருக்கிறார், பாவம்.

அரசு ஆவணங்களும் கைகொடுக்கவில்லை. நெப்ராஸ்காவில் மாநில அளவில் பிறப்பு, இறப்பைப் பதிவுசெய்ய ஆரம்பித்ததே 1904-ல்தான். மாமாவின் தாத்தா பிறந்தது 1886. ஆக, சான்றிதழ் கிடையாது. பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கில் எனக்கு மிகவும் வேண்டியது 1890. அதுதான் இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தில் தீப்பிடித்து அந்தக் கணக்கில் ஒரு பங்கு எரிந்தது. நனைந்தும் கருகியும் கிடந்த மிச்சத்தைப் பின்னால் அரசே அழித்துவிட்டது. 1900 கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் எங்கள் குடும்பப் பெயரில் கஸ்டர் கவுண்டியில் ஒருவர்கூட இல்லை. 1888-க்கும் 1900-க்கும் நடுவில் ஒரு தாயும் பிள்ளைகளும் எங்கே போனார்கள்?

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் புலம்பினேன். அப்பா பத்திர எழுத்தர். முப்பத்தைந்து வருடம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஓட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து எழுதியவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆளைத் தேடாதம்மா. ஆளு பேரு மாறும். சர்வே நம்பரைத் தேடு. நிலம் எங்க போயிரப் போகுது?"

அன்று இரவே பிஸ்கட் டின் பத்திரத்தை மறுபடி விரித்தேன். 1934-ல் மாமாவின் தாத்தா வாங்கிய கடனுக்கான அடமானப் பத்திரம் அது. யார் யாருக்கு எவ்வளவு என்பதை மட்டும் படித்துவிட்டு, நடுவில் இருந்த நில விவரத்தை முன்பு தாண்டிவிட்டிருந்தேன். பத்திர எழுத்தர் மகள் செய்யக்கூடாத காரியம்.

நில விவரம் என்னவென்றால் 'பிரிவு 14-ன் வடகிழக்குக் கால்', அதோடு டவுன்ஷிப் எண், ரேஞ்ச் எண். நம் ஊர் சர்வே எண்ணைப் போலத்தான், ஆனால் இங்கே கட்டம் சீராக இருக்கிறது. மேற்கே குடியேற ஆள் வருவதற்கு முன்பே நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக அளந்துவிட்டார்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு டவுன்ஷிப். அது வடக்கு-தெற்கில் எத்தனையாவது என்பது டவுன்ஷிப் எண், கிழக்கு-மேற்கில் எத்தனையாவது என்பது ரேஞ்ச் எண். அதற்குள் 36 பிரிவுகள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதில் கால் பங்குதான் 160 ஏக்கர், 1862 சட்டப்படி ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது. பிரிவு எண்கள் வடகிழக்கு மூலையில் ஒன்றில் தொடங்கி மேற்கே ஆறு வரை போய், அடுத்த வரிசையில் ஏழு அதற்குக் கீழேயே இறங்கிக் கிழக்கே திரும்பும். ஏர் ஓட்டுகிறவர் வரப்பு வந்ததும் மாட்டைத் திருப்பிக்கொண்டு வருவாரே, அதே மாதிரி.

மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம் பழைய நில உரிமைப் பட்டாக்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு டவுன்ஷிப், ரேஞ்ச், பிரிவு மூன்றையும் மட்டும் போட்டேன். ஒரு பட்டியல் வந்தது. வடகிழக்குக் கால்: 1891-ல் கொடுத்த பட்டா. எள்ளுத்தாத்தா பெயரில் இல்லை. 'இன்னாரின் விதவை' என்று எழுதி, எள்ளுப்பாட்டியின் பெயரில்.

ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து உழுது காட்டினால்தான் நிலம் சொந்தமாகும் என்பது விதி. நடுவில் கணவன் இறந்துவிட்டால் விதவை தொடரலாம். தொடர்ந்திருக்கிறாள். நிலத்தை எடுத்தவர் அவர், சம்பாதித்தவள் அவள். குடும்பக் கதையில் இது ஒரு வரிகூட இல்லை.

பட்டா என்பது வெறும் முடிவுக் காகிதம். சாரம் எல்லாம் அதற்குப் பின்னால் உள்ள கோப்பில்தான். மூலக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. பல மாநிலங்களின் கோப்புகளுக்குக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டு, பணம் கட்டி நகல் வாங்க வேண்டும். நெப்ராஸ்கா கோப்புகளை நல்லவேளையாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். கிட்டத்தட்ட முப்பது பக்கம். அன்று சோறு வடிக்க மறந்துவிட்டேன்.

எள்ளுத்தாத்தா ஆஸ்திரியப் பேரரசருக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன் என்று சொல்லிக் கொடுத்த முதல் குடியுரிமை மனுவின் நகல் அதில் இருந்தது. பொகிமியா அப்போது ஆஸ்திரியாவின் கீழ் இருந்ததால் அப்படி. கணக்கெடுப்பில் ஆஸ்திரியா என்று பார்த்தால் இவர்கள் நம் ஆள் இல்லை என்று நான் ஒதுக்கியது எத்தனை பேரோ. அப்புறம் 1889-ல் எள்ளுப்பாட்டி கொடுத்த இறுதி வாக்குமூலம். மண்கட்டி வீடு, 14 அடிக்கு 24 அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னல். மண்கட்டித் தொழுவம், ஒரு கிணறு. உழுத நிலம் 45 ஏக்கர். மக்காச்சோளம், கோதுமை. ஐந்து பருவ விளைச்சல்.

கணவர் இறந்தது எப்போது என்ற கேள்விக்குப் பதில்: ஆகஸ்ட் 1888.

நெப்ராஸ்காவில் ஆகஸ்டில் பனிப்புயல் அடிக்காது. மாமாவிடம் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்படியானால் மாடு?" என்றார். மாட்டைப் பற்றிக் கோப்பில் ஒன்றுமில்லை மாமா என்றேன். அந்தப் புயல் உண்மை, அதில் பலர் இறந்ததும் உண்மை. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து செத்தவரைவிடப் புயலில் செத்தவர் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல நன்றாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

கோப்பில் எனக்குப் பிடித்தது கடைசிப் பக்கம். எழுத்தர் அவள் பெயரை ஒரே தாளில் மூன்று விதமாக எழுதியிருக்கிறார், மூன்றும் தப்பு. கீழே கையெழுத்து அவளுடையது. தெளிவாக, 'மரியே' என்று தொடங்கி, குடும்பப் பெயரில் அந்த 'ர-ஷ' எழுத்தின் தலையில் சின்னக் கொக்கியோடு, கடைசியில் 'ஓவா'வோடு. அந்தக் குடும்பத்தின் பெயர் சரியாக எழுதப்பட்டிருப்பதை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தது அதில்தான். அந்த எழுத்தை வைத்துக்கொண்டு, 1885-ல் நெப்ராஸ்கா தனியாக எடுத்த கணக்கெடுப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டி அவர்களைக் கண்டுபிடித்தேன். அங்கே இருந்த எழுத்துக்கூட்டலை எந்தத் தேடுபொறியும் யூகித்திருக்காது.

ஆனால் 1891-க்குப் பிறகு அவள் எங்கே என்பது இன்னும் தெரியவில்லை. அதற்கு ப்ரோக்கன் போவில் உள்ள கவுண்டிப் பதிவு அலுவலகத்துக்கு நேரில்தான் போக வேண்டும். இந்த வருடம் ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை மாமாவும் நானும் கிளம்பினோம். கணவருக்கு வேலை, தவிர அவருக்குச் சேர்த்தெழுதிய ஆங்கிலக் கையெழுத்து படிக்க வராது. பள்ளியில் கற்றுக்கொடுத்ததை மறந்துவிட்டார். மாமாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கிராண்ட் ஐலண்டைத் தாண்டி இரண்டாம் எண் நெடுஞ்சாலையில் ஏறினால் கூடவே ரயில் பாதை வருகிறது. 1886-ல் அந்தப் பாதை ப்ரோக்கன் போவுக்கு வரும்வரை இவர்கள் சாமான் வாங்க மாட்டுவண்டியில்தான் போயிருக்க வேண்டும்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதலில் போன் செய்து சொல்லுங்கள். இத்தனை சிறிய ஊரில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், அவர்களுக்கு அன்றாட வேலையும் உண்டு. "என் வம்சத்தைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்" என்று போய் நின்றால் அவர்கள் பாவம் என்ன செய்வார்கள். இந்தப் பிரிவு, இந்தக் கால், இந்த வருடங்கள் என்று சொன்னதும் பதிவுப் பிரிவில் இருந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. நேராக ஒரு பேரேட்டை எடுத்துவந்து சாய்மேசையில் வைத்தார். கல்லாப்பெட்டி கனம்.

நெப்ராஸ்காவில் பத்திரங்களுக்கு ஆள் பெயர் வாரியான அட்டவணை மட்டுமல்ல, நில எண் வாரியான அட்டவணையும் உண்டு. ஒரு கால் பிரிவுக்கு நடந்த அத்தனையும் வரிசையாக ஒரே இடத்தில். வில்லங்கச் சான்றை யாரோ நூற்றைம்பது வருடத்துக்கு முன்கூட்டியே போட்டு வைத்தது போல. முதல் வரி: அமெரிக்க அரசு, எள்ளுப்பாட்டிக்கு. அடுத்து 1894-ல் ஓர் அடமானம். வறட்சி வருடம் அது, சுற்றிலும் எல்லா நிலத்திலும் அடமானம்தான். அதற்கப்புறம் 1908-ல் ஒரு பத்திரம். கொடுப்பவர்: மேரி என்ற பெயரில், புத்தம்புதிய குடும்பப் பெயருடன் ஒருத்தியும் அவள் கணவரும். வாங்குபவர்: மாமாவின் தாத்தா. விலை: ஒரு டாலரும் அன்பும் பாசமும். நம் ஊர் தானசெட்டில்மென்ட் வாசகத்தை ஆங்கிலத்தில் படித்த மாதிரி இருந்தது.

மறுமணம். அதனால்தான் ஆள் காணாமல் போயிருக்கிறாள். புதிய பெயரைப் பார்த்ததும் எங்கேயோ படித்த ஞாபகம். போனில் கோப்பைத் திறந்து பார்த்தேன். 1889 வாக்குமூலத்தில் அவளுக்காகச் சாட்சி சொன்ன இரண்டு அண்டை வீட்டாரில் ஒருவர். "கணவர் இறந்த பிறகும் அவள் ஒருநாள்கூட நிலத்தை விட்டுப் போகவில்லை" என்று சத்தியம் செய்தவர்.

பெயர் கிடைத்ததும் மற்றவை மளமளவென்று வந்தன. 1892 திருமணப் பதிவு அதே கட்டடத்தில். 1900 கணக்கில் ஒரே வீட்டில் எல்லோரும்: திருமணமாகி எட்டு வருடம், பெற்ற பிள்ளைகள் ஏழு, உயிரோடு ஐந்து. மாமாவின் தாத்தாவுக்கு அப்போது 14 வயது. வளர்ப்புத் தந்தையின் பெயருக்குக் கீழே, அதே பெயர்தான் என்று கோடு போட்டிருக்கிறது. உறவு என்ற இடத்தில் 'மகன்'. எழுத்தர் சோம்பலில் எழுதியதா, அந்த மனிதர் அப்படித்தான் சொன்னாரா, எனக்கு இரண்டாவதை நம்ப ஆசை.

மிடில் லூப் ஆற்றுப் பக்கம் ஒரு செக் கல்லறைத் தோட்டத்தில் அவளைப் பார்த்தோம். கல்லில் இரண்டாவது கணவரின் பெயர். 'இங்கே இளைப்பாறுகிறாள்' என்று செக் மொழியில். மாமா ஒன்றும் பேசவில்லை. பக்கத்து வரிசையில்தான் அவருடைய தாத்தாவின் கல்லறை. ஐம்பது வருடமாக ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் அதற்குப் பூ வைக்க வந்தவர், இந்தக் கல்லைத் தாண்டித்தான் போயிருக்கிறார். கையில் இருந்த பூங்கொத்தைப் பிரித்து இரண்டாக்கினார்.

அன்று இரவு பேரேட்டுப் பக்கத்தின் படத்தை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். காலையில் குரல் பதிவு வந்திருந்தது. "கையெழுத்து அருமையா இருக்கும்மா. ஆனா 94-ல அடமானம் போட்டிருக்காங்கல்லா, அதை மீட்ட பதிவு எங்க? கடனை அடைக்காம எப்படி மகனுக்கு எழுதிக் கொடுத்தாங்க? அடுத்த பக்கத்தைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. மாமாவுக்குப் போன் செய்து சொன்னேன். "மாமா பேசுகிறேன்" என்றவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, வருகிற செவ்வாய் போகலாமா என்றார்.